பாதி மழித்த தலை

என் மனைவி என்னைத் தொட்டு எழுப்ப மாட்டாள். இரவுக் காவல் முடித்து வந்து நான் காலையில் படுத்தால், மத்தியானம் சோறு ஆனதும் அவள் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டுவாள். நான் எழுந்து உட்கார்ந்து "ம்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பாள்.

"மாத்தா வீட்டுல சாமியை எழுப்பறதுக்கு மணி அடிக்கறாங்கடி" என்று பக்கத்து அறைப் பெண்கள் சிரிப்பார்கள். போலீஸ்காரனை இந்த ஊரில் மாத்தா என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு மத்தியானம், என்னைத் தோளில் தொட்டு எழுப்பினாள். எனக்கு நினைவு வந்தபோது என் வலது கை அவள் கழுத்தில் இருந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது. அவள் கண் மேலே செருகியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். நாலாம் நாள் சொம்பை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் படித்ததோடு சரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆத்தா துணை.

சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி புதிதாக ஓடத் தொடங்கிய காலம் அது. தேக்காவில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. என் வேலை ரோந்து. சண்டை, குத்து, வெட்டு என்றால் முதலில் ஓடுகிறவன் நான். யார் யாரைக் குத்தினார்கள், எந்த ஊர்க்காரன், எந்தச் சாதி என்பதெல்லாம் இருக்கட்டும். குத்துப்பட்டவர்கள் எல்லோருக்கும் முகம் ஒன்றுதான் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிணத்தை முதலில் பார்த்த மாத்தாதான் கடைசிவரை அதன் கூடவே போக வேண்டும். தள்ளுவண்டியில் போட்டுப் பாயால் மூடி, இரண்டு கூலிகள் தள்ளுவார்கள். மாத்தா வண்டியின் சட்டத்தில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடக்க வேண்டும். நடுவில் கையை எடுக்கக்கூடாது. பிணம் மாறிப்போகவில்லை என்பதற்கு அவன்தான் சாட்சி. பிணக்கொட்டகையில் டாக்டர் பாயை விலக்கி, "நீ பார்த்தது இதுதானா?" என்று மலாயில் கேட்பார். முகத்தை நேராகப் பார்த்து, "இதுதான்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, துணியோடு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்வேன். தீட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

முதல் சில தடவை நான் வாந்தி எடுக்கவில்லை. அதைக் கண்ட சார்ஜன், "இவன் கல்லு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றுமுதல் எந்த மூலையில் எவன் விழுந்தாலும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

எத்தனை வருஷம் கழித்து அது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. டிராமில் ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்குள்ளே ஒரு வாய், "இதுதான்" என்னும். ரிக்ஷாக்காரன் தன் வண்டியிலேயே காலை மடக்கிக் கண்ணயர்ந்திருப்பான். "இதுதான்." ஒரு நாள் மத்தியானம் சொம்புச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். என் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குள்ளே அந்த வாய் அசைந்தது. நான் கோவணத்தோடு தெருவுக்கு ஓடினேன்.

அந்தப் பிள்ளை தவமிருந்து பெற்றவன். அவனுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இவன் வயிற்றில் இருந்தபோது என் மனைவி சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் ஆத்தா முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள்: "இதை எனக்கு விட்டுக் கொடு. மூணு வயசு முடியறதுக்குள்ள முதல் முடியை உன் காலடியில கொண்டு வந்து போடறேன்." முதல் வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல், முடியவில்லை. இரட்டை வயதில் எடுக்கக்கூடாது என்று அடுத்த வருஷமும் போயிற்று. மூன்றாம் வயது வந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒன்று நடந்தது. பட்டப்பகல். ஒரு சந்து முனையில் சீன நாவிதர் ஒருவர் முக்காலி போட்டுத் தொழில் செய்வார். சீனர்கள் முன்தலையை மழித்துப் பின்னால் நீண்ட சடை வைத்துக்கொள்ளும் காலம் அது. முக்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். பாதித் தலை மழித்தாகிவிட்டது. மீதியில் ஈரம் காயவில்லை. அவனுடைய பகையாளி எங்கிருந்தோ வந்து, நாவிதரின் கையிலிருந்த கத்தியையே பிடுங்கி அவன் கழுத்தை அறுத்துவிட்டான். நான் ஓடிப்போய் என் தலைத்துணியை வெட்டுப்பட்டவன் கழுத்தில் வைத்து அழுத்தினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். எனக்கு அவன் பாஷை தெரியாது. பிடி தளர்ந்தது. தள்ளுவண்டியோடு நடந்தபோது பாய் விலகி விலகி அந்தப் பாதித் தலை வெயிலில் தெரிந்துகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு முடி இறக்கும் பேச்சை வீட்டில் எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். பிள்ளையின் தலையில் கத்தி. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியாது.

மனைவி ஒரு வெள்ளிக்கிழமை குறித்தாள். அன்று உண்மையிலேயே ஒரு சாவு. தீட்டு என்று தள்ளிப்போட்டோம். அடுத்த மாதம் இன்னொரு நாள் குறித்தாள். அன்று காலை கிணற்றடியில் நின்று துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு, "இன்னிக்கும் ஒண்ணு" என்றேன். அன்று ஒரு பிணமும் இல்லை. ஸ்டேஷனில் எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பொய். மூன்றாவது நாளுக்கும் அதே பொய்யைச் சொன்னேன். ஆத்தாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், செத்துப்போன ஆள் ஒருவனை நானாக உண்டாக்கி நடுவில் நிறுத்தினேன்.

என் மனைவியின் ஊர்க்காரர் ஒருவர் கொட்டகையில் மாட்டுவண்டி வைத்திருந்தார். அவளுக்கு அண்ணன் முறை. சொந்தத் தாய்மாமன் கடல் தாண்டி ஊரில் இருந்ததால், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவரைத்தான் கேட்டிருந்தாள். மூன்றாவது தடவையும் வெற்றிலைத் தட்டோடு வந்து திரும்பிய அவர், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"என்ன மாப்ள, இந்த ஊர்ல ஆள் சாகறதுக்கும் எம் மருமவனுக்கு மொட்டை போடறதுக்கும் ஒரே நாள்தான் கெடைக்குதா? சாகறவன்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. என் ஈரத்துணியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு" என்றாள். "ஆத்தா ஏற்கெனவே ரெண்டை எடுத்துக்கிட்டா. இதையும் கேட்டா நான் எங்கே போவேன்?"

அந்த வெள்ளிக்கிழமை போனோம்.

கோயில் கிணற்றுக்குப் பக்கத்தில் நாவிதர் பலகை போட்டிருந்தார். வயதானவர். கை நிதானமானது. வண்டிக்கார மச்சான் புது வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் போட்டு, மாமன் முறைக்குத் தயாராக உட்காரப் போனார். நான் குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"மாப்ள, அது எம் எடம்."

"என் மடியிலயே இருக்கட்டும் மச்சான்."

"அப்பன் மடியில வச்சு எந்த ஊர்ல முடி எறக்குவாங்க? நான் எதுக்கு மீசையை முறுக்கிட்டு வந்தேன்?"

நாவிதரும் சொன்னார்: "தாய்மாமன் முறைதாங்க. அப்பா தள்ளி நிக்கறதுதான் வழக்கம்."

நான் நகரவில்லை. பிள்ளையை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கத்தி போவதைத் தள்ளி நின்று பார்க்க என்னால் முடியாது. என் கைக்குள்ளேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கழுத்தை நெரித்த கை அது என்பதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. மச்சான் முகம் சுண்டிப்போய் ஒதுங்கினார்.

தலையை நனைத்தார்கள். பிள்ளை கத்தினான், உதைத்தான். கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போயிற்று. ஈரமுடி கொத்தாக என் தொடையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆத்தா, ஆத்தா என்றேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுது களைத்து, தலையை என் கையில் சாய்த்தான். சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்தேன். ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு. ஈரம். பாதி மூடிய கண். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அதற்கடுத்து நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாவிதரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேனாம். "விடுடா!" என்று கத்தினேனாம்.

எனக்கு முதலில் கேட்டது நாவிதரின் குரல்தான். "யோவ் மாத்தா! கையை விடுய்யா! நான் என்ன திருடனா? ஐயோ, எம் பொழைப்பே இந்தக் கையிலதான்யா இருக்கு!"

பிறகுதான் பிள்ளையின் வீறல். காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. தலை ரத்தம் சிந்தும் விதம் தெரியாதவர்கள் பார்த்தால் உயிரே போகிறது என்று நினைப்பார்கள். தெரிந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வேட்டி நனைந்தது. கத்தி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டது நான்.

மனைவி பாய்ந்து வந்து மஞ்சளையும் திருநீற்றையும் அள்ளி வைத்து அழுத்தினாள். மச்சான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுற்றி நின்றவர்களில் ஒரு பெண், "பாதியில எந்திரிக்கக் கூடாதே, ஆகாதே" என்றாள். இன்னொருத்தி, "கேட்டது முடியை. ரத்தத்தையும்ல எடுத்துக்கிட்டா" என்றாள். அவள் சும்மாதான் சொல்லியிருப்பாள். என் இரண்டு பொய்யும் யாருக்குத் தெரியும்? ஆனால் அது எனக்கே சொன்னதாகப் பட்டது.

"எந்திரிங்க" என்றாள் என் மனைவி.

"ரத்தம் நிக்கட்டும், நான் பிடிச்சுக்கறேன்..."

"எந்திரிங்கன்னேன். அண்ணே, நீங்க வந்து உக்காருங்க."

கல்யாணமான நாளாக அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. நாவிதர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "மொதல்ல அவரை வாசலுக்கு அனுப்புங்கம்மா. அவர் இருக்கற எடத்துல நான் கத்தி எடுக்கமாட்டேன்" என்றார்.

வெளியே போனேன். சிராங்கூன் ரோட்டில் வெயில் கொளுத்தியது. டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. பூ விற்கிற அம்மா என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கெடா வெட்டா?" என்றாள். கோபுரத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தா, அந்த ரெண்டு நாளும் பிணம் இல்லை. பயத்துல சொன்னேன். பிள்ளைகிட்ட கேக்காதே, என்கிட்ட கேளு" என்று வாய்விட்டுச் சொன்னேன். உள்ளே பிள்ளையின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும் வரையில் எனக்கு உயிர் இருந்தது.

அழுகை நின்றது.

எத்தனையோ தடவை கத்தியோடு நின்ற ஆளை எதிர்த்துப் போயிருக்கிறேன். அந்தச் சின்ன அமைதிக்கு முன்னால் அதெல்லாம் பயமே இல்லை. வாசற்படிவரை ஓடினேன். தாண்டவில்லை. காலைத் தூக்கி வைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

மச்சான் தோளில் பிள்ளை வெளியே வந்தான். தலை முழுக்கச் சந்தனம். கையில் வாழைப்பழம், பாதி வாயில் இருந்தது. அதனால்தான் சத்தமில்லை. என்னைக் கண்டான். பழத்தைக் கீழே போட்டுவிட்டு மச்சானின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு நீங்க தூக்க வேணாம்" என்றாள் மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள். நான் பத்தடி பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நேர்த்திக்கடன் தீர்ந்தது. காயமும் ஒரு வாரத்தில் ஆறிற்று. ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டால் பிள்ளை அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தான். அவன் பயப்படுவது சரி என்றே எனக்குப் பட்டது. நானும் என் கைக்குத்தானே பயந்தேன். இரவுக் காவல் முடிந்தால் வீட்டுக்கு வராமல் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல்மேல் படுத்துக்கொண்டேன். சோறு மட்டும் வாசலுக்கு வந்தது. ஒரு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு, இந்த ஊரிலேயே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஸ்டேஷனில் மனு எழுதித் தர ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு இருந்தார். சாங்கிக் கடற்கரை ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லி எழுதும்படி கேட்டேன். அங்கே தென்னையும், கம்பம் என்கிற மீனவக் கிராமங்களும்தான். கொலை கிடையாது.

"என்ன காரணம் எண்டு போடட்டும்?" என்றார்.

"பயமா இருக்குன்னு போடுங்க ஐயா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "விசரோ உனக்கு? பொலிஸ்காரன் தனக்குப் பயம் எண்டு எழுதிக் குடுத்தால் நாளைக்கே உடுப்பைக் கழட்டச் சொல்லுவினம். ஆருக்குப் பயம்? கள்ளனுக்கோ?"

"எனக்கு ஐயா."

"உனக்கெண்டு தெரியுது. ஆருக்குப் பயப்பிடுறாய்?"

"அதான் ஐயா சொல்றேன். எனக்கு."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு, "நெஞ்சுச் சளி எண்டு போடுறன். கடற்காத்து வேணும் எண்டு. அதைத்தான் துரை விளங்கிக்கொள்ளுவார்" என்று எழுதினார். இன்னொரு பொய். துரை இருமச் சொன்னார். இருமினேன். மாற்றல் கிடைத்தது.

மனைவியிடம், "நீயும் பிள்ளையும் இங்கேயே மச்சான் கண்காணிப்புல இருங்க. சம்பளத்தை அனுப்பறேன்" என்றேன். அவள் சொம்பை எடுத்து என் மூட்டையில் வைத்தாள். எதற்கென்று கேட்டேன். "தண்ணி குடிக்க" என்றாள்.

சாங்கியில் ஆறு வாரம் தனியாக இருந்தேன். ஒரு குத்து இல்லை, ஒரு வெட்டு இல்லை. எப்போதாவது காணாமல் போன கோழி பற்றி ஒரு புகார் வரும். அங்கேயும் படகில் தூங்குகிற மீனவனைக் கண்டால் அந்த வாய் அசைந்தது. கரை ஒதுங்கிய மரக்கட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மேலே நடக்காமல் நின்றிருக்கிறேன். கூட வந்த மலாய்க்காரர், "கட்டை லா, கட்டை" என்று உதைத்துக் காட்டினார். ஆனாலும் மனதில் ஒரு நிம்மதி. பிள்ளை பத்து மைலுக்கு அப்பால் என் கைக்கு எட்டாமல் இருக்கிறான். அந்த நிம்மதியை நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

ஏழாம் வாரம், ஒரு காலையில், மச்சானின் வண்டி வந்து நின்றது. மேலே பாய்மூட்டை, அம்மிக்கல், அரிசிப்பானை, ஆத்தா படம். என் மனைவி பிள்ளையோடு இறங்கினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எதுக்கு வந்தே? நான் தெளிவாச் சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"சொன்னீங்க."

"எனக்குப் பயமா இருக்கு. புரியலையா உனக்கு? அன்னிக்கு உன் கழுத்து. அப்புறம் இவன் தலை. அடுத்தது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "அங்கே தனியாப் படுத்திருந்தேனே, அப்ப மட்டும் இல்லையா? பயந்தாப் பயந்துட்டுப் போங்க. கூட இருந்து பயப்படுங்க."

அவள் பிள்ளையை என்னிடம் நீட்டவில்லை. மணலில் இறக்கி விட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் அம்மிக்கல்லை இறக்க மச்சானுக்குக் கை கொடுத்தாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டால் அம்மி கனம் என்கிறாள்.

பிள்ளை என்னைப் பார்த்தான். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. ஓடிப்போய் ஒளிய அங்கே சேலை இல்லை. கடலைப் பார்த்தான். அவன் கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தான். நான் "டேய்" என்றேன். நிற்கவில்லை. தண்ணீர் அவன் கணுக்காலுக்கு வந்தது. அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்துகொண்டிருந்தாள்.

ஓடினேன். பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவன் வீறிட்டு என் மூக்கில் அறைந்தான். எங்கே அழுத்துகிறேன், எவ்வளவு அழுத்துகிறேன் என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டு, கீழே விடாமல், கரைக்கு நடந்தேன்.